தாயின் உயிரும் நமது தாமதமும்

(ஜூபிலி ஆண்டுத் தாய்மார் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



தாய்மார் கூட்டத்தில் பேச வேண்டும் என்று கேட்டபோது, தேவமாதாவின் மகிமைகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவரைக் கொண்டே தொடங்குகிறேன். கபிரியேல் தூதர் விடைபெற்றுச் சென்றபின் மரியா செய்த முதல் காரியம் என்ன? யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து போனார். அங்கே அவருடைய உறவினரான எலிசபெத்து, முதிர்ந்த வயதில் முதன்முறையாகக் கருவுற்று ஆறாம் மாதத்தில் இருந்தார். மரியா ஏறக்குறைய மூன்று மாதம் அவருடன் தங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். அதாவது, பேறுகாலம் நெருங்கும்வரை. அந்த எலிசபெத்து இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், நர்ஸ் அம்மா அவருடைய அட்டையில் ஆபத்துள்ள கர்ப்பம் என்று தனியாகக் குறித்து வைப்பார். மரியா 'விரைந்து' போனார் என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு இன்று பேசப்போகிறேன். இனிமையான பேச்சாக இராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூபிலி மலருக்காகப் பங்கின் பழைய பதிவேடுகளைச் சில மாதங்களாகப் புரட்டிக்கொண்டிருந்தோம். உபதேசியார் தூசி தட்டித் தருவார், நான் வாசிப்பேன், மலர்க் குழுவினர் குறித்துக்கொள்வார்கள். முதல் திருமணம் யாருடையது, கோயில் மணி எந்த ஆண்டு வந்தது என்பவற்றைத் தேடித்தான் அமர்ந்தோம். ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் அருகருகே விரித்து வைத்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. ஒரு புத்தகத்தில் குழந்தையின் பெயர்; மறு புத்தகத்தில், அதே வாரத்தில், அதன் தாயின் பெயர். வயது 19, 22, 31. இறப்பின் காரணம் எழுதும் இடத்தில் 'பிரசவம்' என்ற ஒரே சொல். சில இடங்களில் அதுவும் இல்லை. எழுதத் தேவையில்லை என்று நினைக்கும் அளவுக்கு அது சாதாரணமாக இருந்திருக்கிறது. சில குழந்தைகளின் பெயருக்கு நேரே, 'மருத்துவச்சி கொடுத்த அவசர ஞானஸ்நானம்' என்று கண்டிருக்கிறது.

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 743-ஆம் விதி என்று ஒன்று உண்டு. ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை விசுவாசிகள், சிறப்பாக மருத்துவச்சிகள், அறிந்திருக்கும்படி பங்குக் குரு பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த விதி. நல்ல கட்டளைதான். நம் மூத்த குருக்கள் அதைத் தவறாமல் நிறைவேற்றினார்கள் என்பதற்கு இந்தப் பதிவேடே சாட்சி. குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவது எப்படி, என்ன வார்த்தைகளைச் சொல்வது என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்கு மனப்பாடம். ஆனால் பிரசவம் பார்க்குமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்? வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் அதை 1847-இலேயே நடத்திக் காட்டிவிட்டார். மருத்துவர்கள் குளோரின் சேர்ந்த நீரில் கை கழுவத் தொடங்கியதும், பிரசவக் காய்ச்சலில் மடியும் தாய்மாரின் தொகை மளமளவென்று இறங்கியது. நம் ஊர்க் குடிசைகளில் குழந்தையின் ஆன்மாவுக்கென்று ஒரு சொம்புத் தண்ணீர் ஆயத்தமாக இருந்தது. தாயின் உயிருக்கும் அதே சொம்புத் தண்ணீர் உதவியிருக்கும்.

இப்படி ஒரு சாவு நேர்ந்தால், 'ஆண்டவர் அழைத்துக்கொண்டார், சாமி' என்று சொல்வது நம் வழக்கம். துக்க வீட்டில் அந்த வார்த்தைக்கு நான் மறுவார்த்தை சொல்வதில்லை. அழுகிறவர்களிடம் தர்க்கம் செய்யக் கூடாது. ஆனால் இது துக்க வீடு அல்ல, ஆகவே சொல்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பெண் உதிரம் வடிந்து இறந்தால், அது இறைவனின் சித்தம் என்று சொல்ல எனக்கு மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. அந்தச் சாவுக்குக் கடிகாரம் உண்டு. அந்தக் கடிகாரத்தில் நம் கை இருக்கிறது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் ஓடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சு விழுந்ததும், கருப்பையின் தசைகள் முஷ்டி மடக்குவது போல இறுகிச் சுருங்கி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து அடைக்கின்றன. படைத்தவர் அப்படி அமைத்திருக்கிறார். அந்தத் தசை களைத்துத் துவண்டு போனாலோ, நஞ்சில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலோ, உதிரம் நிற்பதில்லை. கவனிப்பார் இல்லையென்றால் இரண்டு மணி நேரத்திலேயே உயிர் போய்விடலாம். இரண்டு மணி நேரம் என்பது நம் ஊரில் ஒரு காருக்கு ஆள் தேடிப் பேரம் பேசுகிற நேரம்!

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. குழந்தை பிறந்த உடனே போடும் ஆக்ஸிடோசின் ஊசி கருப்பையைச் சுருங்க வைக்கிறது. ஆனால் அதை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் பாதுகாக்க வேண்டும். மின்சாரம் நின்று நின்று வருகிற இடங்களில் அது வீரியம் இழந்துவிடும். உதிரப்போக்கு தொடங்கிவிட்டால் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற இன்னொரு மருந்து. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதற்குப் பலன் என்று, 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. கேட்டு நான் வியந்தது மற்றொன்று. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடையே நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. அவர்கள் புதிதாக மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தாயின் அடியில் அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தார்கள். வடிகிற இரத்தம் கோட்டைத் தொட்டதும், இருக்கிற சிகிச்சைகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் உதிரப்போக்கும் அதனால் வரும் கேடுகளும் நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்தன. கண்மதிப்பாக 'கொஞ்சம்தான் போகிறது' என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கோடு வந்தது, அவ்வளவுதான்.

1999-இல் மலையடிவாரப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு நள்ளிரவில் கிளைக் கிராமத்திலிருந்து ஆள் ஓடிவந்தார்: 'சாமி, அவஸ்தை கொடுக்க வாங்க.' யாருக்கு என்று கேட்டேன். இரண்டாவது பிரசவம் ஆன பெண். மாலை ஏழு மணிக்கு வீட்டிலேயே குழந்தை பிறந்தது. எட்டு மணி முதல் உதிரம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. குருமனை வாசலில் ஜீப் நின்றுகொண்டிருந்தது; அந்தக் கிராமத்தில் அதை அறியாதவர் இல்லை. எட்டு மணிக்கு ஜீப்புக்கு ஆள் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு எண்ணெய்க்கு ஆள் வந்தது. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில் என்ன நடந்தது? கெட்ட உதிரம் போகட்டும், போனால்தான் உடம்பு தேறும் என்றார்கள் பெரியவர்கள். புருஷன் கேரளத்தில் எஸ்டேட் வேலை. அவனுக்குத் தகவல் சொல்ல, எஸ்.டி.டி. பூத் இருக்கும் அடுத்த ஊருக்கு ஒருவர் சைக்கிளில் போனார். புருஷனின் அண்ணனோ விடியற்காலை பஸ்ஸுக்குப் போகலாம் என்றார். யாரும் அவளை வெறுத்தவர்கள் அல்ல. எல்லாரும் அவளுக்காக அழுதவர்கள்தான். நான் போய்ச் சேர்ந்து, பூசுதலும் கொடுத்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வழியிலேயே மூச்சு நின்றது. குழந்தை பிழைத்தது.

தாய்மார் சாவதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று 1994-இல் செரீன் தடேயுஸ், டெபோரா மெய்ன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் எழுதினார்கள். போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஒரு தாமதம், வழியில் ஒரு தாமதம், ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபின் சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம். உலக முழுவதும் மருத்துவத் துறையினர் இந்தக் கணக்கைக் கையாளுகிறார்கள். நான் சொன்ன பெண் முதல் தாமதத்திலேயே பாதி இறந்துவிட்டாள்.

அதெல்லாம் அந்தக் காலம் என்கிறீர்களா? தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் என்பது உண்மை. ஆனாலும் 2018-இல் திருப்பூரில், இணையப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் வைத்துக்கொள்ள முயன்று, படித்த இளம் தாய் ஒருவர் உதிரப்போக்கால் இறந்தார். படிப்பு மட்டும் காப்பாற்றுவதில்லை.

நம் வீடுகளிலும் முதல் தாமதம் இன்னும் குடியிருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிறோம்; அழகான வழக்கம். ஆனால் இரவில் ஏதாவது நேர்ந்தால் முடிவு யாருடையது? 'மாப்பிள்ளையைக் கேட்காமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடலாமா? சம்பந்தி நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்?' என்று பெண்ணைப் பெற்றவர் தயங்குகிறார். மாப்பிள்ளை தன் அம்மாவைக் கேட்கிறான். அம்மா நாத்தனாரைக் கேட்கிறாள். எல்லாரையும் கேட்கிறோம், வலியில் துடிக்கிற அந்தப் பெண்ணைத் தவிர! வயது வந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆகவே சீமந்தத்துக்கு வளையல் கொண்டுவரும் நாளிலேயே இரண்டு சம்பந்திகளும் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யார் உடன் போவது, இரத்தம் யார் கொடுப்பது. சாப்பாட்டுக்கு எத்தனை வகை என்று பேசுகிற நேரத்தில் பாதி நேரம் போதும்.

இன்னொன்று என் சம்பந்தப்பட்டது. கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், பிறகு வலிப்பு வந்தால், காத்துக் கருப்பு என்று எண்ணி அந்தோணியார் கோயிலுக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குருமனைக் கதவைத் தட்டுகிறவர்களும் உண்டு. அது பேய் அல்ல. இரத்த அழுத்தம் ஏறி வருகிற நோய். மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான ஊசிமருந்து அதற்கு இருக்கிறது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போகிற வழியில் எனக்குப் போன் செய்யுங்கள். நான் அங்கே வந்து மந்திரிக்கிறேன். அந்தோணியாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டாரை மட்டும் குறை சொல்லிவிட்டு இறங்கினால் அது நியாயமாகாது. நம் திருச்சபையும் இந்தக் காரியத்தில் தாமதித்தது. துறவறக் கன்னியர் மருத்துவத் தொழில் செய்வதற்கும், குறிப்பாகப் பிரசவம் பார்ப்பதற்கும், திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் தடையாக நின்றது. கற்பு வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு அது தகாது என்ற எண்ணம்.

ஸ்காட்லாந்தில் 1837-இல் பிறந்தவர் ஆக்னஸ் மெக்லாரன். தம் நாட்டில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பு எட்டாக்கனியாக இருந்தபடியால், பிரான்சு சென்று 1878-இல் பட்டம் பெற்றார். அறுபது வயதுக்குமேல் கத்தோலிக்கரானார். இன்று பாகிஸ்தானில் இருக்கும் ராவல்பிண்டி அன்று பிரிட்டிஷ் இந்தியாவைச் சேர்ந்தது. அங்கே பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் தங்களைக் காட்டமாட்டார்கள், பெண் மருத்துவரோ இல்லை, பிரசவத்தில் மடிந்தார்கள். அவர்களுக்காக அந்த அம்மையார் மருத்துவமனை அமைய உழைத்தார். கன்னியர்களைப் பிரசவம் பார்க்க அனுமதிக்கும்படி உரோமாபுரிக்குப் போய்ப் போய் மன்றாடினார். அனுமதியைக் காணாமலே 1913-இல் இறந்தார்.

அவரை நேரில் பார்த்தேயிராத ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், அவருடைய அழைப்பினால் தூண்டப்பட்டு மருத்துவம் கற்று, 1920-இல் ராவல்பிண்டி சேர்ந்தார். 1925-இல் இரு மருத்துவர்களும் இரு நர்ஸுகளுமாக நால்வரைக் கொண்டு மருத்துவப் பணிக்கென்று ஒரு சபையை அமெரிக்காவில் தொடங்கினார். மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் முறையான வார்த்தைப்பாடு கொடுக்காமல் காத்திருந்தார்கள். 1936 பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளன்று, உரோமையிலிருந்து அனுமதி பிறந்தது. ஆக்னஸ் அம்மையார் இறந்து இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின். எத்தனை ராக்கேல்கள் அந்த ஆண்டுகளில் பெத்லகேம் வழியில் புதைக்கப்பட்டார்களோ!

நமக்கு அண்டையிலும் ஒருவர் இருந்தார். ஆஸ்திரேலியாவில் மருத்துவராக இருந்த மேரி க்ளவுரி, ஆக்னஸ் அம்மையாரைப் பற்றிய சிறு நூல் ஒன்றைப் படித்து மனம் மாறி, 1920-இல் ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்து கன்னியரானார். திருத்தந்தையின் தனி அனுமதியோடு துறவற உடையிலேயே மருத்துவம் பார்த்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. நம் மறைமாவட்டங்களில் கன்னியர் நடத்தும் பிரசவ விடுதிகளைப் பார்க்கும்போது, அந்தக் கதவு தானாகத் திறந்ததல்ல என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. 108 வண்டி தமிழ்நாட்டில் 2008-இல் ஓடத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் நர்ஸ் இருக்கிறார். ஒரு தாய் இறந்தால் எங்கே தாமதம் நேர்ந்தது என்று அரசு விசாரணை செய்கிறது. இந்த வழக்கத்தை முதலில் ஒழுங்காகப் பற்றிக்கொண்ட மாநிலங்களில் நம்முடையது ஒன்று. ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் இறக்கும் தாய்மார், 2018-20 கணக்குப்படி இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. உலகத்தில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 தாய்மார் இறந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்குமேல் நைஜீரியா என்ற ஒரே நாட்டில்.

இன்னொரு பக்கம், தேவைக்கு மேல் கத்தி வைப்பதும் நடக்கிறது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 சிசேரியன். நல்ல நேரம் குறித்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போகிற வழக்கம் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற குடும்பங்களிலும் நுழைந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை, சிரிக்கிறவர்களைப் பார்த்தாலே தெரிகிறது. தேவையானவளுக்கு அந்த ஆபரேஷன் உயிர். தேவையில்லாதவளுக்கு அது வீண் காயம்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை பிறந்தபின் அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பொறுப்புள்ள பெற்றோராயிருத்தல் என்று திருச்சபை போதிப்பது உங்களையும் சேர்த்துத்தான். அதன் முறைகளைக் குடும்ப வாழ்வுக் குழுவினர் தனியே விளக்குவார்கள். பொறுமையை மட்டும் நான் கேட்கிறேன்.

கடைசியாக இரத்தத்தைப் பற்றி. ஜூபிலியை ஒட்டி நம் பள்ளி வளாகத்தில் இரத்ததான முகாம் வைத்தோம் அல்லவா? அன்று ஆர்வத்தோடு வரிசையில் நின்ற பெண்களில் பாதிக்குமேல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொடுப்பதற்கு ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், அவர்களுக்கு அது இல்லை. பிறருக்குக் கொடுக்க வந்தவர்களுக்கே இரத்தம் போதவில்லை! இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிப்பேர் இரத்தசோகை உள்ளவர்கள். மற்றவர் தாங்கிக்கொள்கிற உதிரப்போக்கு இவர்களைக் கொன்றுவிடும். சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற இரும்புச் சத்து மாத்திரை எங்கே போகிறது? குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று ஒருத்தி ஜன்னல் வழியே எறிகிறாள். இன்னொருத்தி டீயோடு விழுங்குகிறாள். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடுங்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், பிள்ளை கறுக்காது. கறுத்தால்தான் என்ன, நானும் கறுப்புத்தான்! மாமியார்மாரே, வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சியதை மருமகள் சாப்பிடுகிற ஒழுங்கை இந்த ஜூபிலி ஆண்டோடு நிறுத்திவிடுங்கள். முட்டையும் கீரையும் முதலில் அவள் தட்டுக்குப் போகட்டும்.

ஆண்களே, இரத்தம் வேண்டும் என்று நர்ஸ் வந்து சொன்னதும் வராந்தாவிலிருந்து கரைந்து போகிறீர்களே, எங்கே போகிறீர்கள்? ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தரலாம். 18 வயது முதல் 65 வரை. குருமனை அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பெயர், இரத்த வகை, இரவில் அழைக்க வேண்டிய எண். இரவில் வண்டி ஓட்டிவர இசைந்தவர்களின் எண்களைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதியாயிற்று. அதில் குருமனை வண்டியும் உண்டு, சாவி உபதேசியாரிடம். வின்சென்ட் தே பவுல் சபையார் நோட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஓ பாசிட்டிவ் நிறைய இருக்கிறது. ஓ நெகட்டிவ் இதுவரை இரண்டே பேர். அவர்களில் ஒருவருக்கு வயது அறுபத்து மூன்று. கதவோரம் நிற்கிற இளைஞர்கள் போகுமுன் உள்ளே வந்து எழுதிவிட்டுப் போங்கள்.